ஊறுகாய் பாட்டிலில் இன்ஜின் ஆயில்

என் கணவர் விஞ்ஞானி. ஹைதராபாத்தில், ஆராய்ச்சிக்கூடங்கள் நிறைந்த தார்நாகாவில் இருந்துகொண்டு இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. எங்கள் குடியிருப்பில் கல்லை விட்டெறிந்தால் டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர் தலையில்தான் விழும். அது எந்தக் கோணத்தில் வந்தது என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பார். மண்டைக்கு மருந்து போட அவர் மனைவிதான் ஓடி வரவேண்டும்.

குழாய் ஒழுகினாலும் மோட்டார் நின்றாலும் இங்கே ஆள் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்கள் லுங்கியும் பனியனுமாக, கையில் டீயோடு இறங்கி வந்து பழுதைச் சுற்றி நிற்பார்கள். அதற்கு ரிவ்யூ என்று பெயர். ஆளுக்கொரு கருத்து சொல்லி, அடுத்தவர் கருத்தை மரியாதையாக மறுத்து, ரிவ்யூ முடிவதற்குள் மேல்தொட்டியில் தண்ணீர் முடிந்துவிடும். அதற்கப்புறம் பெண்களில் யாராவது ஒருத்தி பிளம்பருக்குப் போன் செய்வாள். இதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை, அந்த ரிவ்யூ என் கார் சாவியில் கை வைக்கிற வரைக்கும்.

என் சாவி என்று சொல்கிறேன். அது என் சாவி ஆவதற்கு நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். செகந்திராபாத்தில் எங்கள் திருச்சபையின் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறேன். சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்கு என்னைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் அவர் வேலை. அதை அவர் முகம் சுளிக்காமல் செய்வார். ஆனால் திரும்பக் கூட்டிப்போக வந்ததும் வாசலில் காரை நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பார். ஹாரன் அடிப்பது நாகரிகம் இல்லையாம். அந்த வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் வந்து விழுந்தால், பாட்டு எந்த அடியில் இருந்தாலும் குழுவில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். எந்தப் பாட்டுக்கும் கடைசிச் சரணத்தை நான் அங்கே பயிற்சி செய்ததே கிடையாது. ஞாயிறு ஆராதனையில் அந்த இடம் வரும்போது வாயை மட்டும் அசைப்பேன்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸும் கிடைத்துவிட்டது. சாவி கிடைக்கவில்லை. வீட்டில் இருக்கும் கார் எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் வாங்கியது. இப்போது அவள் கல்லூரியில் இருக்கிறாள். கார் மட்டும் அதே கார். அதைத் தொடுவதற்கு நான் நாள் பார்க்க வேண்டியிருந்தது.

"ரோடு கெடக்குற கெடப்புல நீ எங்க ஓட்டப் போற? மழை நிக்கட்டும்," என்றார். அவர் திருநெல்வேலிக்காரர். லேபில் பேசுகிற இங்கிலீஷிலும் அந்த ஊர் இழுவை இருக்கும். மழை நின்றதும், விநாயகர் ஊர்வலமெல்லாம் முடியட்டும் என்றார். பிறகு கிறிஸ்துமஸ் கூட்டம். பிறகு சங்கராந்திப் பட்டம். பையன்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் ஓடி வருவார்களாம். பண்டிகைகள் தீர்ந்துபோனபோது அவருக்கு ஆயில் ஞாபகம் வந்தது.

"இன்ஜின் ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு. அத மாத்திட்டு உன் கையில குடுத்திருதேன். அதுக்கப்புறம் நீயே ஓட்டு."

"மெட்டுகுடா மெக்கானிக்கிட்ட குடுத்தா ஒரு காலைல முடிஞ்சிடுமே," என்றேன்.

"வேண்டாம்ங்கறதுக்கு நக்கோன்னு சொல்லுவீங்களே உங்க ஊர்ல, அதான். நானே மாத்துதேன்."

எண்ணெய் மாற்றும் தொழிலே ஒரு பெரிய மோசடி என்பது அவருடைய நெடுநாள் கருத்து. நல்ல எண்ணெயைக் கறுத்துவிட்டது என்று சொல்லி நம்மை ஏமாற்றுகிறார்கள். யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த யாராவது தான்தான் என்று அவர் அன்று முடிவு செய்தார். எனக்கு வேண்டியது சாவி. யார் மாற்றினால் என்ன என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, என் கணவர் பழைய பெட்ஷீட்டை விரித்துக் காருக்கு அடியில் போனார். கீழ்வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். அவர் தெலுங்குக்காரர், பாலிமர் நிபுணர், தங்கமான மனிதர். பேச்சு சுவாரசியத்தில் டார்ச் வெளிச்சத்தைத் தன் கால்மேலேயே அடித்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு மாடிகளிலிருந்து ஆட்கள் டீயோடு வந்து சேர்ந்தார்கள். நான் காரோடு வந்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம். பிறகு பிளாஸ்டிக் டப்பில் எண்ணெய் விழும் சத்தம். பிறகு என் கணவர் வெளியே வந்தார். அவர் ஆராய்ச்சிக்குப் பரிசு வாங்கிய அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"பாத்தியா? தேன் மாதிரில்லா இருக்கு. கறுத்துட்டு கறுத்துட்டுன்னு வருஷா வருஷம் நம்மள எப்படி ஏமாத்திருக்கான் பாத்துக்கோ."

உண்மைதான். எண்ணெய் பொன்னிறமாக, லேசாக மங்கி, அழகாகவே இருந்தது. கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலில் பிடித்தார்கள். கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "சால பாகுந்தி," என்றார் கீழ்வீட்டுக்காரர், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று. புத்தகத்தில் போட்டிருந்த அளவைவிடக் குறைவாகத்தான் வந்திருந்தது. அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது: பழைய இன்ஜின் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துவிடும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்று புத்தகம் சொன்னது. இவ்வளவு சுத்தமான எண்ணெயில் ஊறின ஃபில்டரை எதற்கு மாற்றுவது என்று அவர் கேட்டார். அதற்கும் தலையாட்டினார்கள்.

"கியர்பாக்ஸ் ஆயிலும் இருக்கான்னு பாத்துடுங்கன்னு போட்டிருக்கே," என்று அடுத்த பக்கத்தைக் காட்டினேன்.

"அது சீல் பண்ணினது. ஆயுசுக்கும் அப்படியே கெடக்கும். அத யாரும் தொடக் கூடாது, கேட்டியா?" என்று சொல்லிவிட்டு மறுபடி அடியில் போய், கழற்றின போல்ட்டைத் திரும்ப முடுக்கினார்.

புது எண்ணெயை லேபிலிருந்து இரவல் வாங்கி வந்த, கோடு போட்ட நீளமான கண்ணாடி ஜாடியில் அளந்து, துளி சிந்தாமல் புனல் வழியாக ஊற்றினார். ஊற்றி முடித்ததும் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். டிரைவிங் ஸ்கூலில் எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம் அதுதான்: அந்தக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது.

"அளக்கத் தெரியாதவனுக்குத்தான் அந்தக் குச்சி. நான் மில்லிலிட்டர் கணக்குல்லா ஊத்திருக்கேன்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் சாவி என் கைக்கு வந்தது. வடித்த எண்ணெயில் கொஞ்சத்தை அவர் மாதிரியாக எடுத்து வைத்தார். வைத்தது என் ஆவக்காய் பாட்டிலில். அதில் 'இன்ஜின் ஆயில், பயன்படுத்தியது' என்று எழுதி ஒட்டி, வரவேற்பறைப் புத்தக அலமாரியில், அவருடைய கேடயங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். பால்காரருக்குக் கூடக் காட்டினார்.

நான் ஓட்டினேன். பள்ளிக்கூட நூலகத்தில் எனக்கு வேலை. வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரரைப் பெரிய மனுஷி மாதிரிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இதை மறைப்பானேன், ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் கார் முனக ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் போனால் 'ஊங்' என்று ஒரு சத்தம். கியர் விழ மறுத்தது. பின்னால் புகை வேறு. அவரிடம் சொன்னேன். அவர் நடந்தே லேபுக்குப் போய் வருகிறவர், அதுவரை காரைத் தொடவில்லை. முக்குவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இன்ஜினை அணைத்து, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"யோசிச்சுப் பாரு. கார் அதே கார். ரோடு அதே ரோடு. ஆயில் புது ஆயில், அளந்து ஊத்தினது. இத்தன வருஷம் இல்லாத சத்தம் இப்ப வருதுன்னா மாறுன வேரியபிள் ஒண்ணே ஒண்ணுதான்."

அந்த ஒரே வேரியபிள் நான். கிளட்சை முழுசாக மிதிக்காமல் கியர் போட்டுப் பற்களைத் தேய்த்துவிட்டேனாம். புகை, பாதிக் கிளட்சில் ஓட்டியதால் வருவதாம். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். மாணவனுக்கு மார்க் குறைந்ததற்குக் காரணம் சொல்வது போல் அத்தனை பொறுமையாகச் சொன்னார். மெட்டுகுடா மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மோசடிக்காரனிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை.

"மேடம் சலாரே க்யா, சாப்?" மேடமா ஓட்டுகிறார்கள் என்பதுதான் அந்த மனிதரின் முதல் கேள்வி. ஆமாம் என்றதும், வண்டியைப் பார்க்காமலேயே, கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அத்தனை வருடத்தில் என் கணவரும் அவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

மகள் சோஃபாவில் கிடந்தபடி, "ஹவ் மம்மி, தும்ஹீ தோ சலாரே தே," என்றாள். ஆமாம்மா, நீங்கதானே ஓட்டுனீங்க என்று. தமிழில் திட்டினால் முழுதாகப் புரிந்துகொண்டு இந்தியில் பதில் சொல்கிற பிள்ளை அது.

நான் நம்பினேன். இதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நூலகத்தில் மேஜைக்கு அடியில் இடது காலை மிதித்து மிதித்துப் பார்த்தேன். இவ்வளவு மிதித்தேனா, இதற்குக் குறைவாகவா? புத்தகம் கேட்டு வந்த பிள்ளைகளுக்குத் தப்பான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்குப் போகவில்லை. ஈஸ்டர் பாட்டுகள் ஆரம்பிக்கும் நாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவரும், "ஆமா, நீ ரெஸ்ட் எடு, காரும் ரெஸ்ட் எடுக்கட்டும்," என்று பரிவாகச் சொல்லிவிட்டு வாக்கிங் போனார்.

அந்தச் சாயங்காலம் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஊறுகாய் வேலையை எடுத்தேன். மாங்காய் வந்திருந்தது. பாட்டில் ஒன்று குறைந்தது. அலமாரியில் கேடயங்களுக்கு நடுவே நிற்கிற என் பாட்டிலைப் பார்த்தேன். ஆராய்ச்சி போதும், கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று மூடியைத் திறந்தேன். குப்பென்று ஒரு நாற்றம். அழுகின முட்டையும் பூண்டும் சேர்ந்த மாதிரி. வடித்த அன்று அது வெட்டவெளியில் டீ வாசனையோடு போய்விட்டது; அதற்கப்புறம் மூடி இறுக்கமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பார்க்கச் சொல்லித்தான் எல்லாரிடமும் கொடுத்தாரே தவிர, யாரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லவில்லை.

காருக்குள் உட்கார்ந்தபோது எனக்கு இந்த நாற்றம் வந்ததே இல்லை. அவர் மேஜை டிராயரில் கிடந்த மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினேன். அதில் அந்த நாற்றம் இல்லை. எண்ணெய் கன்னங்கரேலென்று இருந்தது. துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். மேல்கோட்டையும் தாண்டி, கம்பியில் பாதிவரை கறுப்பு. பழையதை வடித்துவிட்டுப் புதியதை அளந்து ஊற்றிய இன்ஜினில், ஒரு வாரத்தில் கறுப்பு எண்ணெய் வழிய வழிய எப்படி வரும்?

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்தேன். மேல்மாடி பால்கனியிலிருந்து யாரோ பார்த்தார்கள்; பார்க்கட்டும். காருக்கு அடியில் வருடக்கணக்கான புழுதியும் பிசுக்கும் அப்பிக் கிடந்தது. எண்ணெய் வடிக்கும் போல்ட் இரண்டு இருந்தது. இன்ஜினுக்கு அடியில் இருந்த போல்ட் பிசுக்கோடு பிசுக்காக, யாரும் தொட்ட அடையாளமே இல்லாமல் இருந்தது. பக்கத்தில், கியர்பாக்ஸுக்கு அடியில் இருந்த போல்ட், துடைத்து வைத்த ஸ்பூன் மாதிரி பளபளத்தது.

யாரும் தொடக் கூடாது என்று அவர் சொன்ன எண்ணெய்தான் என் ஊறுகாய் பாட்டிலில் இருந்தது. மாற்றுகிறேன் என்று சொன்ன எண்ணெய் அப்படியே இன்ஜினில் இருந்தது, அதன் தலைமேல் புதியதும் சேர்ந்து. அத்தனை நாளும் நான் எண்ணெய் இல்லாத கியர்பாக்ஸோடு ஓட்டியிருக்கிறேன். பற்கள் ஒன்றோடொன்று காய்ந்துபோய் உரசிக்கொண்டு முனகியிருக்கின்றன.

அங்கேயே, புழுதியில் படுத்தபடியே எனக்கு அழுகை வந்தது. நிம்மதி பாதி, ஆத்திரம் பாதி. பிறகு எழுந்து கையைக் கழுவினேன். அவர் வாக்கிங் முடித்து வந்ததும் காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரிவ்யூவில் என்மேல் பழி ஊரறிய விழப்போகிறது. அது இறங்குவதும் ஊரறியவே நடக்கட்டும் என்று இருந்தேன்.

காலையில் ரிவ்யூ கூடியது. பொருள்: கியர்பாக்ஸ் சத்தம். என் கணவர் தன் முடிவை விளக்கினார். கார் அதே கார், ரோடு அதே ரோடு என்று தொடங்கி, ஒரே வேரியபிளில் வந்து நின்று, என் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் டீயைப் பார்த்தார்கள். கீழ்வீட்டுக்காரர் மட்டும், பெண்களுக்குக் கிளட்ச் கொஞ்சம் கஷ்டம்தான் என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னார்.

நான் பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து கீழ்வீட்டுக்காரர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "சல்ஃபர்," என்றார். பிறகு இன்னொரு தரம் முகர்ந்து, இன்ஜின் ஆயில் இப்படி நாறாதே என்று இழுத்தார். என்ன இருந்தாலும் படித்த மூக்கு.

"நாறாது," என்றேன். "டிப்ஸ்டிக்கைப் பாருங்க. அப்புறம் கீழ படுத்து எந்த போல்ட் பளபளன்னு இருக்குன்னு பாருங்க."

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். டார்ச் இந்த முறை சரியான இடத்தில் அடித்தது. என் கணவர் கடைசியாகப் போனார். அடியில் ரொம்ப நேரம் இருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஒரே வேரியபிள்தான் மாறுச்சுன்னீங்க," என்று அந்தக் கால்களைப் பார்த்துச் சொன்னேன். "அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு மாறுச்சு. நான் சாவிய வாங்கினேன். அதுக்கு முன்னாடி நீங்க ஸ்பேனர எடுத்தீங்க."

மகள் மேலே பால்கனியில், "ஹவ் பப்பா," என்று மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

அவர் வெளியே வந்து, பனியனைத் தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சரி, ப்ராப்ளம் என்னன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார். தோல்வியும் ஒரு ரிசல்ட்தான் என்று கீழ்வீட்டுக்காரர் அவர் தோளைத் தட்டினார். இரண்டு போல்ட்டுக்கும் கம்பெனிக்காரன் ஒரே அளவு வைத்ததுதான் தவறு என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். அது நல்ல கருத்தென்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். பழி சில நாள் என்மேல் இருந்துவிட்டு நேரே தொழிற்சாலைக்குப் போய்விட்டது. வழியில் எங்கள் வீட்டுக்காரர்மேல் அது இறங்கவே இல்லை. என்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு மெட்டுகுடா போனோம். மெக்கானிக் இன்ஜின் எண்ணெயை முழுதாக வடித்து ஃபில்டரை மாற்றினார். கியர்பாக்ஸில் எண்ணெய் ஊற்றினார். "சாப் கைக்கு கோலே?" என்று மட்டும் கேட்டார், சார் எதற்குத் திறந்தார் என்று. சார் வானத்தைப் பார்த்தார். கியர்பாக்ஸை முழுதாக மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் அப்போதும் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். புகை நின்றது. கியர் வெண்ணெயாக விழுந்தது. இரண்டாவது கியரில் அந்த முனகல் மட்டும், பழையதில் பாதியாக, தங்கிவிட்டது. அது இனிப் போகாதாம்.

ஒர்க்ஷாப் வாசலில் அவர் சாவியை நீட்டினார். நீட்டும்போது, "இனிமேலாவது கிளட்ச்ச நல்லா மிதிச்சு ஓட்டு," என்றார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் நானே போய்வருகிறேன். கடைசிச் சரணம் வரை பாடுகிறேன்; வயிற்றிலிருந்து பாடுகிறேன். ஞாயிறு ஆராதனைக்கு அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறேன். இரண்டாவது கியரில் அந்த முனகல் எழும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது கியருக்கு மாற்றினால் சத்தம் நின்றுவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ரோடு காலியாக இருந்தாலும் இரண்டிலேயே கொஞ்ச தூரம் ஓட்டுவேன்.